மீன் என்றால் ஒரே மீன்!

ஸ்காட்ஸ் எமல்ஷன் புட்டி ஏறாத அலமாரி நம் பட்டணங்களில் ரொம்பக் குறைவு. மழைக்காலம் வந்து குழந்தை இரண்டு தடவை தும்மினால் போதும். பாட்டி புட்டியைக் கையில் எடுத்துவிடுவாள். ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் ஓடப் பார்க்கும் பேரனின் காது! மீன் கூடை தெருவில் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஆசாரமான குடும்பங்களில்கூட, "மருந்துக்குத் தோஷமில்லை" என்ற சமாதானத்தோடு அது உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

புட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மீனவர் ஒருவர் கிட்டத்தட்டத் தம் உயரமே உள்ள மீன் ஒன்றை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். அந்த மீனின் பெயர் காட். அதன் ஈரலிலிருந்து எடுப்பதுதான் காட்லிவர் ஆயில். "இத்தனை பெரிய மீனும் உண்டா? எல்லாம் வியாபாரிகளின் கைவரிசை!" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சந்தேகம் வேண்டாம். 1895-ம் வருஷம் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் கரைக்கு அப்பால் தூண்டில் கயிற்றில் அகப்பட்ட காட் மீன் ஒன்று 211 பவுண்டு எடை இருந்தது. நீளம் ஆறடிக்கு மேல். இன்றைக்கு அப்படி ஒன்று அகப்பட்டால் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அதன் படத்தைப் போட்டுவிடும்.

அட்லாண்டிக் கடலின் மேற்குப் பக்கத்தில், ஐந்நூறு வருஷம் அள்ள அள்ளக் குறையாமல் இருந்த அந்த மீன், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இல்லாமலே போயிற்று. மீன் போனதும் கடலுக்கு உள்ளேயும் எல்லாம் மாறிப்போயிற்று; கரையிலும் மாறிப்போயிற்று. அந்தக் கதை நடந்த இடம் நியூபவுண்ட்லாந்து.

கானடா தேசத்தின் கிழக்குக் கோடியில் உள்ள தீவு அது. பரப்பில் தமிழ் நாட்டைவிடச் சற்றுச் சிறியது. ஜனத்தொகையோ நம் மதுரை நகரத்தில் சுமார் பாதிதான். குளிர், பனி, பாறை, காற்று. விவசாயம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஜனங்கள் அங்கே போய்க் குடியேறியதற்கும், குடியேறியவர்கள் திரும்பாமல் இருந்ததற்கும் ஒரே காரணம் மீன்தான்.

அந்தத் தீவில் "மீன்" என்று சொன்னால் காட் ஒன்றைத்தான் குறிக்கும். ஸால்மனை ஸால்மன் என்பார்கள், ஹெர்ரிங்கை ஹெர்ரிங் என்பார்கள்; "மீன்" என்ற பெயர் மட்டும் காட்டுக்கே சொந்தம். நம் நாட்டில் எள்ளின் நெய்யான எண்ணெய், நாளடைவில் மற்ற எல்லாவற்றுக்கும் தன் பெயரைத் தானம் செய்துவிட்டது. அங்கே நடந்தது இதற்கு நேர் விரோதம். எல்லோருக்கும் பொதுவான பெயரை ஒரு மீனே சுருட்டிக்கொண்டது!

கூடையில் கல்லைக் கட்டி...

1497-ம் வருஷம் ஜான் காபட் என்ற இத்தாலிய மாலுமி, இங்கிலாந்து ராஜா ஏழாம் ஹென்றியின் அனுமதி பெற்று, பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து மேற்கே கப்பல் விட்டார். ஆசியாவுக்குப் புது வழி கண்டுபிடித்து வாசனைத் திரவியங்களைக் கொண்டுவருவது உத்தேசம். கிராம்பும் ஏலக்காயும் அகப்படவில்லை, மீன் அகப்பட்டது. கூடையில் ஒரு கல்லைக் கட்டிக் கடலில் இறக்கித் தூக்கினால் மீன் நிறைந்து வருகிறது என்று அந்த மாலுமிகள் சொன்னதை, அப்போது லண்டனில் இருந்த மிலான் நகரத்துத் தூதர் தம் எஜமானருக்கு எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது.

மாலுமிகள் கதை அளப்பதில் சமர்த்தர்கள்தான். ஆனாலும் இதில் அதிகம் அளந்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. நியூபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே கடலடியில் விசாலமான மேடு ஒன்று உண்டு. கிராண்ட் பாங்க்ஸ் என்று பெயர். வடக்கேயிருந்து லாப்ரடார் என்ற குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. தெற்கேயிருந்து கல்ப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீரோட்டம் வருகிறது. இரண்டும் இந்தப் பக்கத்தில் சந்திக்கின்றன. மேலே மூடுபனி, கீழே கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் பெருக்கம். பாசியை நுண்ணிய ஜந்துக்கள் தின்ன, அவற்றைக் கேப்லின் என்ற சாளை அளவுள்ள பொடி மீன் தின்ன, கேப்லினைக் காட் தின்னும். நண்டுக் குஞ்சு, இறால், சமயம் வாய்த்தால் தன் இனத்துக் குஞ்சு, எதையும் காட் விடாது. வாய் பெரியது, வயிறு அதைவிடப் பெரியது. அந்தக் கடலில் சட்டாம்பிள்ளை அதுதான்.

ஜூன், ஜூலை மாதங்களில் கேப்லின் முட்டையிடுவதற்காகக் கரைக்கே வந்து அலையோடு மணலில் புரளும். ஜனங்கள் வாளியும் வலையுமாக ஓடிப்போய் அள்ளுவார்கள். தின்றது போகத் தோட்டத்துக்கு உரமாகப் போடுவதும் உண்டு. கேப்லினைத் துரத்திக்கொண்டு காட் கரையோரம் வந்து சேரும். பண்டிகை, கல்யாணம், கடன் எல்லாவற்றுக்கும் அந்தச் சில வாரங்கள்தான் ஆதாரம்.

இங்கிலீஷ்காரர், பிரெஞ்சுக்காரர், போர்ச்சுகீசியர், பாஸ்க் தேசத்தார் எல்லோரும் வந்தார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலம் அல்லவா? உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீன், கல் மாதிரி இறுகி, கப்பலில் எத்தனை மாதம் போனாலும் கெடாது. நல்ல சரக்கு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போயிற்று. உடைந்ததும் கெட்டதுமான மட்ட ரகம் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு அதுதான் ஆகாரம்.

கரையில் இருந்த தலைவி

கடலில் போய் மீன் பிடித்தவர்கள் ஆண்கள். பிடித்த மீனை விலை போகும் சரக்காக்கியவர்கள் பெண்கள். சரித்திரப் புஸ்தகங்களில் முன்னதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார்கள். பின்னதைப் பற்றித்தான் நமக்கு அக்கறை.

படகு வந்து சேர்ந்ததும் கரையோரத்து மரக் கொட்டகையில் வேலை ஆரம்பமாகும். ஒருவர் கழுத்தை அறுப்பார். ஒருவர் தலையையும் குடலையும் நீக்குவார். ஒருவர் முதுகெலும்பை எடுத்து மீனைப் புஸ்தகம் போல் விரிப்பார். ஒருவர் உப்பு இடுவார். உப்பு அதிகமானால் மீன் எரிந்துவிடும், குறைந்தால் அழுகிவிடும். ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. ஈரல்களைத் தனியே பீப்பாயில் போட்டு வெயிலில் வைத்தால் தானாகவே உருகி எண்ணெய் கக்கும். (அந்தப் பீப்பாயின் வாசனையை வாசகிகளின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.) சிறுவர்கள் மீன் தலைகளிலிருந்து நாக்கை வெட்டி எடுத்து வீடு வீடாக விற்று நாலு காசு பார்ப்பார்கள். காட் மீன் நாக்கு வறுவல் அந்த ஊரில் இன்றும் விசேஷப் பட்சணம்.

சில வாரம் உப்பில் ஊறிய மீனைக் கழுவி, கழிகளால் கட்டிய பரண்களின் மேல் பரப்பிக் காயவைப்பார்கள். காலையில் பரப்ப வேண்டும். சாயங்காலம் சேர்த்துக் குவிக்க வேண்டும். வெயில் கடுமையானால் மீன் வெந்து போகும். தூறல் விழுந்தால் பாழ். மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு, ஒரு கண் காக்கையின் மேலும் ஒரு கண் மேகத்தின் மேலுமாக உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் பெண்களின் கவலை புரியும். அவர்கள் காயப்போட்டது வருஷத்துச் சாப்பாடு முழுவதையும்! கைக்குழந்தையைப் பரணுக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு, அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு, மேகம் கறுத்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவார்கள். இந்த வேலையை மேற்பார்த்த குடும்பத் தலைவிக்குக் கப்பல் தலைவனுக்கு உரிய பட்டத்தையே கொடுத்து, "கரைக் கோஷ்டியின் கேப்டன்" என்று சொல்வது வழக்கம்.

பட்டம் கிடைத்ததே தவிரச் சம்பளம் கிடைக்கவில்லை. வசந்த காலத்தில் வியாபாரி மாவு, தேயிலை, வெல்லப்பாகு, வலை, கயிறு எல்லாம் கடனாகக் கொடுப்பார். இலையுதிர் காலத்தில் காய்ந்த மீனை அவரிடமே கொண்டுபோய் அளக்க வேண்டும். அவருடைய ஆள்தான் தரம் பிரிப்பான். அவர் வைத்ததுதான் விலை. பற்றும் வரவும் சரிக்குச் சரியாகப் போய், பணத்தைக் கண்ணால் பாராமலே காலம் தள்ளிய குடும்பங்கள் ஏராளம். நம் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிய கதையாக இராது.

1949-ல் நியூபவுண்ட்லாந்து கானடாவோடு சேர்ந்தது. உப்புக் கருவாட்டுக்குப் பதில், குளிரில் உறையவைத்த மீன் துண்டங்கள் அமெரிக்கச் சந்தைக்குப் போக ஆரம்பித்தன. துறைமுகத்துக்குத் துறைமுகம் தொழிற்சாலைகள். பாட்டி பரணில் செய்த வேலையைப் பேத்தி தொழிற்சாலை மேஜையில் நின்று செய்தாள். கையில் முதன்முதலாகச் சம்பளக் கவரும் வந்தது.

கடலில் ஒரு பாக்டரி

"கடலில் உள்ள பெரிய மீன் வளங்கள் தீராதவை, நாம் எவ்வளவு பிடித்தாலும் மீன் தொகைக்கு உறைக்காது." இந்த மாதிரி ஓர் அபிப்பிராயத்தை 1883-ல் லண்டனில் நடந்த மீன்பிடிப்புக் கண்காட்சியில் சொன்னவர் சாமானியர் அல்ல, தாமஸ் ஹக்ஸ்லி என்ற மகா விஞ்ஞானி. அன்றைக்கு இருந்த தூண்டிலையும் பாய்க் கப்பலையும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நன்கு வளர்ந்த பெண் காட் மீன் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டை இடும். அதை மனிதன் தூண்டில் போட்டுத் தீர்த்துவிட முடியுமா?

1954-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய "பேர்டிரை" என்ற கப்பல் அந்த நியாயத்தைக் கவிழ்த்தது. சுமார் 280 அடி நீளம். திமிங்கிலம் பிடிக்கும் கப்பல்களைப் போல் பின்பக்கத்தில் சரிவு மேடை வைத்து, வலையை அதன் வழியாக அப்படியே மேலே இழுத்துவிடுவார்கள். உள்ளே மீனை அரிய யந்திரம், உறையவைக்க யந்திரம், மிச்சத்தைத் தூளாக்க யந்திரம். ஒரு தொழிற்சாலையே மிதந்துகொண்டு மீனைத் தேடிப் போயிற்று! அதைப் பார்த்து ருஷியா கட்டியது. ஜெர்மனி, போலந்து, ஸ்பெயின் எல்லாம் கட்டின. குளிர்காலத்தில் முட்டையிடுவதற்காக ஆழ்கடலில் காட் மீன்கள் கூடும் இடத்துக்கே பனிக்கட்டிகளின் நடுவே போய் வலை இழுத்தார்கள். சூலியைக் கொல்லலாகாது என்ற எண்ணம் கப்பல் முதலாளிகளுக்கு எங்கே இருக்கிறது?

நூற்றாண்டுக் கணக்கில் வருஷத்துக்கு 3 லட்சம் டன்னைத் தாண்டாத வடபகுதிக் காட் பிடிப்பு, 1968-ல் சுமார் 8 லட்சம் டன்னுக்கு ஏறியது. பத்தே வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கிற்று. கானடா சர்க்கார் விழித்துக்கொண்டு, 1977-ம் வருஷ ஆரம்பத்திலிருந்து கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தன்னுடையது என்று வேலி போட்டது. அந்நியக் கப்பல்களில் பெரும்பாலானவை விலகின.

அத்தோடு நின்றிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். அந்நியர் போன இடத்தில் சொந்தக் கப்பல்களை இறக்கினார்கள். சர்க்கார் கடன் கொடுத்தது; தொழிற்சாலைகள் பெருகின. "மீன் தொகை வளர்ந்துகொண்டே வருகிறது" என்று நிபுணர்கள் கணக்குக் காட்டினார்கள். கரையோரத்துச் சிறு படகுக்காரர்களோ, "மீன் வருவது குறைந்துவிட்டது, வருகிறதும் பொடியாக இருக்கிறது" என்று 1980-களின் நடுவிலேயே கூக்குரலிட்டார்கள். படிக்காதவன் பேச்சு ஆபீஸில் எடுபடுமா?

நிபுணர்கள் ஏமாந்த விதம் வேடிக்கையானது. பெரிய கப்பல்களின் வலையில் மணிக்கு இவ்வளவு மீன் விழுகிறது என்பதையும் வைத்தே கடலில் உள்ளதை மதிப்பிட்டார்கள். கோடையில் ஏரி வற்றும்போது மீனெல்லாம் நடுப் பள்ளத்தில் கூடிவிடும். அங்கே வலை வீசுகிறவனுக்கு மீன் பெருகிவிட்டதாகவே தோன்றும். இங்கே ஏரி வற்றவில்லை, மீன்தான் வற்றிற்று. மிஞ்சிய மீன்கள் நெருக்கமாகச் சேர்ந்துகொண்டன. கப்பலில் இருந்த மின்சாரக் கருவிகள் அந்தக் கூட்டத்தைத் தவறாமல் காட்டிக்கொடுத்தன. ஆகவே கடைசி வரையில் வலை நிறைந்தது. 1989-ல் கணக்கைத் திருத்திப் பார்த்தபோதுதான், உத்தேசித்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மீனைத் தீர்த்துக்கொண்டிருந்தது வெளியாயிற்று. 1990-ல் லெஸ்லி ஹாரிஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, உடனே குறையுங்கள் என்று எச்சரித்தது. மந்திரிகள் கொஞ்சம் குறைத்தார்கள். வேலை போகுமே, ஓட்டுப் போகுமே!

1992-ம் வருஷம் ஜூலை 2. மீன்துறை மந்திரி ஜான் கிராஸ்பி தலைநகரான செயின்ட் ஜான்ஸில் ஒரு ஹோட்டலில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, வடபகுதிக் காட் மீன் பிடிப்பை இரண்டு வருஷத்துக்கு நிறுத்துவதாக அறிவித்தார். அவரும் அந்தத் தீவில் பிறந்தவர்தான். முதல் நாள் ஒரு மீனவர் கிராமத்தில் ஜனங்கள் சூழ்ந்துகொண்டபோது, "கடலிலிருந்து மீனை எடுத்தவன் நானா?" என்று சீறியிருந்தார். ஹோட்டலிலோ வெளியே நின்ற மீனவர்கள் கதவை உடைக்கப் பார்த்தார்கள். வாரம் 225 டாலர் உதவித் தொகை என்றதும் ஆத்திரம் தலைக்கேறிற்று. பிறகு அதை உயர்த்தினார்கள். ஒரே நாளில் சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. முட்டையிடும் பருவத்து மீன், 1960-களில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது.

இரண்டு வருஷம் என்ற தடை முப்பத்திரண்டு வருஷம் நீடித்தது. இடையிடையே கரையோரப் படகுகளுக்குச் சிறிது அனுமதி தந்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி தந்தார்கள். 1991-ல் 5,68,000 ஆக இருந்த மாகாணத்தின் ஜனத்தொகை 2001-ல் 5,13,000 ஆகக் குறைந்தது. போனவர்களில் பெரும்பாலோர் வாலிபர்கள். கிராமங்களில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

சட்டாம்பிள்ளை இல்லாத கடல்

காட் மீன் இல்லாத கடல் வெறுங்கடலாக இருந்ததா என்றால், அதுதான் இல்லை! இறால் பெருகிற்று. பனி நண்டு என்று நீளக் கால் நண்டு ஒன்று உண்டு, அதுவும் பெருகிற்று. குஞ்சிலேயே விழுங்கிவிடும் எதிரி போய்விட்டான் அல்லவா? அந்தக் காலத்தில் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்ததும் இரண்டுக்கும் அனுகூலமாயிற்று. நண்டும் இறாலும் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய், காட் மீன் ஒருநாளும் தராத பணத்தைக் கொண்டுவந்து கொட்டின. நண்டு லைசென்ஸ் கிடைத்தவர்கள் மாடி வீடு கட்டினார்கள். கிடைக்காதவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள்.

தொழிற்சாலை மேஜைக்குத் திரும்பிய பெண்களுக்கு ஒரு புது வியாதி வந்தது. நண்டை வேகவைத்து ஓட்டை உடைக்கும்போது எழும் ஆவியும் தூளும் மூச்சில் கலந்து, பலருக்கு ஆஸ்துமா கண்டுவிட்டது. வேலையை விட்டால் சம்பளம் இல்லை; விடாவிட்டால் மூச்சு இல்லை. டாக்டர்கள் ஆராய்ந்து, இது நண்டினால் வருவதுதான் என்று உறுதி செய்தார்கள். காட் மீனை அரிந்த அவர்கள் தாய்மார்களுக்குக் கை மரத்துப் போகும், இடுப்பு வலிக்கும், மூச்சு முட்டியதில்லை.

பக்கத்து நோவா ஸ்கோஷியாவின் கடலை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2005-ல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். அங்கே காட் முதலிய வேட்டை மீன்கள் அழிந்ததும் பொடி மீன், நண்டு, இறால் பெருகின. அவை பெருகியதும் அவற்றுக்கு இரையான நுண்ணிய ஜந்துக்களில் பெரியவை குறைந்தன. அந்த ஜந்துக்கள் குறைந்ததும், அவை மேய்ந்துவந்த பாசி அதிகமாயிற்று. உச்சாணியில் ஒரு கிளையை வெட்டினால் வேர் வரையில் ஆட்டம் கண்டுவிட்டது!

பிடிப்பதை நிறுத்தியும் காட் ஏன் திரும்பவில்லை? கானடா மீன்துறையிலேயே வேலை பார்த்த ரான்ஸம் மையர்ஸ் என்ற விஞ்ஞானி, காட் அழிந்ததற்குக் காரணம் குளிரோ கடல் நாயோ அல்ல, மிதமிஞ்சிப் பிடித்ததுதான் என்று எழுதி மேலதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானவர். அழிந்ததற்கு அது சரி. திரும்பாததற்குக் காரணம் ஒன்றல்ல. காட்டுக்குப் பிரதான ஆகாரமான கேப்லின் 1991 வாக்கில் சரிந்தது; இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. மற்றொன்று, பெரிய காட் மீன்களுக்குப் பயந்து திரிந்த ஹெர்ரிங் போன்ற பொடி மீன்கள் இப்போது அதன் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன என்று சொல்கிறார்கள். மாமியார் படுத்த படுக்கையானதும் சாவிக்கொத்து மருமகள் இடுப்புக்குப் போன மாதிரிதான்! மூன்றாவதுதான் எனக்கு ஆச்சரியமாகப் பட்டது. பெரிய மீனையே தேடித் தேடிப் பிடித்ததால், சிறிய வயதிலேயே, சிறிய உடம்போடு முட்டையிடுகிற மீன்கள்தான் சந்ததி விட முடிந்தது. ஆறு ஏழு வயதில் பருவமடைந்த இனம் ஐந்து வயதிலேயே பருவமடைய ஆரம்பித்தது. சின்ன மீனின் முட்டையும் குறைவு. புட்டியின் மேலிருக்கும் பெரிய மீனின் வம்சத்தையே மனிதன் வடிகட்டி எடுத்துவிட்டான்.

காட் எங்கும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். நார்வேக்கு வடக்கே பாரண்ட்ஸ் கடலில் நார்வேயும் ருஷியாவும் சேர்ந்து அளவு நிர்ணயித்துப் பிடிக்கின்றன. 2013-ல் அங்கே அனுமதித்த அளவு 10 லட்சம் டன்! பிறகு மீன் தொகை குறையக் குறைய அனுமதியையும் குறைத்து, 2025-ல் 3,40,000 டன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கப்பல்காரர்கள் முணுமுணுக்காமல் இல்லை.

நியூபவுண்ட்லாந்தில் 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கானடா சர்க்கார் தடையை நீக்கி, 18,000 டன் பிடிக்கலாம் என்று உத்தரவு போட்டது. "இன்னும் தேறவில்லை, அவசரம் வேண்டாம்" என்று விஞ்ஞானிகள் பலர் சொல்லியும் கேட்கவில்லை. சொந்தச் சாப்பாட்டுக்காக ஜனங்கள் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் குறிப்பிட்ட நாட்களில் பிடித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஐந்து மீன்; எத்தனை பேர் ஏறினாலும் படகுக்குப் பதினைந்து. அந்த நாட்களில் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட லீவு போட்டுவிட்டு வருகிறார்கள்.

இதற்கிடையில் கடல் மறுபடியும் சூடேறிவருகிறது. சில இடங்களில் காட் சற்றுத் தலைகாட்டுகிறது. இறால் வேகமாகக் குறைந்துவருகிறது. கடன் வாங்கி இறால் கப்பலும் நண்டுக் கப்பலும் கட்டியவர்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை பிடித்திருக்கிறது: காட் மீன் நிஜமாகவே திரும்பிவிட்டால், தங்கள் பிழைப்பு என்ன ஆவது?